கப்பலில் போனால் இப்படிப் போகணும்!

ஐந்து ராத்திரி கடலில் இருந்துவிட்டு வந்தவள் நான். வருஷம் ஓடிப்போயும் எனக்கு இன்னும் தரையில் கால் பாவவில்லை! எங்கள் ஊரான தென்னேரியில் யாராவது "எப்படி இருந்துச்சு கப்பல்?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், அடுப்பில் பால் இருந்தாலும் இறக்கி வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவேன். திருப்பதி போய் வந்தவர்கள் லட்டு கொடுப்பார்கள். கப்பலில் போய் வந்த நான் கொடுக்க என்னிடம் இந்தக் கதைதான் இருக்கிறது. கப்பலில் எப்படி நடந்துகொண்டால் அந்தச் சந்தோஷம் பத்து மடங்காகும் என்பதையும் கூடவே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் வாங்குவதோடு வேலை முடிந்துவிடாது. ஆயிரம் பேரோடு ஒரே கூரையின் கீழ் இணக்கமாக இருந்தால்தான் அந்தக் காசுக்கு முழு இன்பம் கிடைக்கும்.

எங்கள் வீட்டுக்காரர் பட்டு நெசவாளி. நாற்பது வருஷமாகத் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர். கண்ணுக்கு முன்னால் எப்போதும் ஒரு முழம் புடவை, அதைத் தாண்டினால் சுவர். அவருக்கு அறுபது முடிந்தது. திருக்கடையூரில் மாலை மாற்றிக்கொண்டு வந்த கையோடு என் பெண் ஒரு காகிதத்தை நீட்டினாள். "அப்பா, கப்பல்ல போறோம். சென்னையிலேர்ந்து இலங்கைக்கு. நீங்க, அம்மா, நாங்க மூணு பேர், அத்தையும் வராங்க." அத்தை என்றது என் சம்பந்தியம்மாவை.

"நமக்கெதுக்கும்மா அதெல்லாம்? பெரிய இடத்துக்காரங்க போறது" என்றார் இவர்.

மாப்பிள்ளை பதமாகச் சொன்னார்: "மாமா, பெரிய இடத்துக் கல்யாணத்துக்கெல்லாம் உங்க புடவை போகுதில்ல? நீங்க போகக் கூடாதா?"

அந்த ஒரு வார்த்தையில் மனுஷர் மடங்கிவிட்டார். ஆடி மாதத்தில் முகூர்த்தம் கிடையாது. ஆவணிக் கல்யாணங்களுக்கான புடவைகளை ஆனியிலேயே அறுத்துக் கொடுத்துவிட்டோம். தறி காலி. பாஸ்போர்ட் வாங்கி, இலங்கைக்கான அனுமதியை முன்கூட்டியே எடுத்து, 2023 ஆடியில் கிளம்பினோம்.

எங்கள் ஊருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைக்காதீர்கள். வாலாஜாபாத் பக்கத்தில் எங்கள் ஏரியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத்தான் தெரியும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் அது ஒன்று. திரையன் ஏரி என்பதுதான் தென்னேரி ஆயிற்று என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். திரையன் என்றால் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன், பெரும்பாணாற்றுப்படையின் பாட்டுடைத் தலைவன். அவன் பிறப்பைப் பற்றி ஒரு பழங்கதை உண்டு. சோழனுக்கும் நாகநாட்டு அரசகுமாரி பீலிவளைக்கும் பிறந்த பிள்ளை. தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடல்வழியே விட, திரை கொண்டுவந்து கரை சேர்த்ததாம். அலை கொண்டுவந்த பிள்ளை என்பதால் திரையன். அப்படிப்பட்டவன் பெயரில் இருக்கும் ஊரில் பிறந்துவிட்டுக் கடலை அண்ணாந்து பார்ப்பானேன்? உரிமையோடு போகலாம்!

நாங்கள் போனது கார்டிலியா நிறுவனத்தின் எம்பிரஸ் கப்பல். 2022 ஜூன் 4-ஆம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பி வைத்தாரே, அதேதான். அடுத்த வருஷம் ஜூன் 5-ஆம் தேதி முதல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போக ஆரம்பித்தது. தென்மேற்குப் பருவக்காற்றில் மும்பை, கோவா பக்கம் அரபிக்கடல் கொந்தளிக்கும் மாதங்களில்தான் நம் கிழக்குக்கரை கப்பலுக்குத் தோதாக இருக்கிறது. மழை அவர்களுக்கு, கப்பல் நமக்கு! இந்தக் கப்பல் 1990-இல் பிரான்சில் கட்டப்பட்டது. அப்போது அதற்கு நார்டிக் எம்பிரஸ் என்று பெயர். பதினோரு தளம், சுமார் 800 அறை, நீளம் 210 மீட்டர். காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் கிருஷ்ணதேவராயர் எழுப்பிய ராஜகோபுரத்தை மூன்று தடவை படுக்க வைத்தாலும் கப்பல் இன்னும் நீண்டு கிடக்கும்.

துறைமுகத்தில் இறங்கியதுமே பெட்டிக்கு அறை எண் எழுதிய சீட்டைக் கட்டி வாங்கிக்கொள்கிறார்கள். அது தானாக அறை வாசலுக்கு வந்து சேர்ந்துவிடும். ஆனால் உடனே வராது, சாயங்காலம்கூட ஆகலாம். அதனால் மாத்திரை, மாற்றுத்துணி, பாஸ்போர்ட், கண்ணாடி எல்லாம் தோள்பையிலேயே இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டி, மின்கெட்டில் வகையறாக்களை எடுத்துப் போகாதீர்கள். நடுக்கடலில் தீயைவிடப் பெரிய பயம் வேறு கிடையாது, கண்டிப்பாக வாங்கி வைத்துவிடுவார்கள். வரிசை நீளம்தான். ஆனால் 2019-இல் அத்தி வரதரைச் சேவிக்க நின்ற வரிசையைப் பார்த்த காஞ்சிக்காரர்களுக்கு இதெல்லாம் ஒரு வரிசையா? பொறுமையாக நின்றோம். கைக்குழந்தையோடு ஒரு பெண் பின்னால் நின்றாள். எங்கள் சம்பந்தியம்மா யாரும் சொல்லாமலே அவளை முன்னால் விட்டார். அந்தப் பெண் அடுத்த ஐந்து நாளும் எங்களை எங்கே பார்த்தாலும் "வாங்கம்மா" என்று இடம் போட்டு வைத்தாள். கப்பலில் உறவு இப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஏறியதும் பாதுகாப்புப் பயிற்சி நடத்துவார்கள். குட்டை ஒலி ஏழு, பிறகு நெட்டை ஒலி ஒன்று. அதுதான் ஆபத்துக்கான அழைப்பு. அதைக் கேட்டால் அவரவர் அட்டையில் எழுதியிருக்கும் இடத்தில் போய்ச் சேர வேண்டும். சிலர் அப்போதும் செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. டைட்டானிக் மூழ்கியதால்தான் கடல் பாதுகாப்புக்கு உலக நாடுகள் சேர்ந்து 1914-இல் உடன்படிக்கை போட்டன. 2012 ஜனவரியில் இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற உல்லாசக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்றைக்குத்தான் ஏறியிருந்த நூற்றுக்கணக்கானவர்களுக்கு இந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகுதான், கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ பயிற்சி முடிந்தாக வேண்டும் என்று விதி வந்தது. மாப்பிள்ளை இதைச் சொன்னதும் எங்கள் வீட்டுக்காரர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். பேரப்பிள்ளை ராத்திரி முழுக்க "பூம் பூம் பூம்" என்று ஏழு தரம் ஊதி, எட்டாவதற்கு மூச்சு முட்ட இழுத்தான். தயவுசெய்து அந்தப் பத்து நிமிஷம் போனைப் பைக்குள் வையுங்கள். சக பயணிக்கு நீங்கள் செய்யும் முதல் மரியாதை அதுதான்.

பிறகு அந்தக் கிளம்பல்! இதை எப்படிச் சொல்வேன்! இழுவைப் படகுகள் கப்பலின் விலாவில் ஒட்டி நிற்க, துறைமுகத்து வழிகாட்டி மாலுமி ஏறிவர, கப்பல் சத்தமே இல்லாமல் கரையை விட்டு விலகுகிறது. நாம் நகர்வதே தெரியாது, நகரம்தான் நகர்வதுபோல் இருக்கும். ஐகோர்ட்டுச் சிவப்புக் கோபுரம், மெரினா, கலங்கரை விளக்கம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் பின்னால் போயின. சம்பந்தியம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். எங்கள் மாமனாரின் அத்தை வீட்டுக்காரர் அந்தக் காலத்தில் ரஜூலா கப்பலில் பினாங்கு போனவர். 1926-இல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-கள் வரை நம் ஜனங்களைச் சுமந்தது. மேல்தட்டில் பாயை விரித்து, பக்கத்துப் பாய்க்காரரோடு ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டு போனதை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாராம். அவர் பார்த்த அதே கரை, அதே விலகல். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

அறை சின்னதுதான். ஆனால் என்ன அடுக்கு, என்ன சுத்தம்! ஒரு தறிவீட்டில் ஒவ்வொரு மூலைக்கும் ஒரு வேலை இருக்குமே, அதைப்போல ஒரு அங்குலம்கூட வீண் கிடையாது. இங்கே இரண்டு விஷயம். ஒன்று, சுவர் மெல்லிசு. கதவை விட்டுவிட்டால் தானாகப் போய் டமால் என்று அடிக்கும், கையால் பிடித்துச் சாத்துங்கள். நடைவழியில் பிள்ளைகளை ஓடவிடாதீர்கள், அந்தப் பக்கம் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார். இரண்டு, கழிவறை காற்றை உறிஞ்சி இழுக்கிற வகை. காகிதத்தைத் தவிர வேறு எதையாவது போட்டால் நம் அறை மட்டும் அல்ல, வரிசையாகப் பல அறைகளில் அடைத்துக்கொள்ளும்.

முதல் நாள் சாப்பிட்டுவிட்டு வந்தால் கட்டில்மேல் ஒரு யானை! வெள்ளைத் துண்டையே மடித்து, சுருட்டி, தும்பிக்கையெல்லாம் வைத்துச் செய்திருந்தான் அறையைப் பார்த்துக்கொள்ளும் பையன். பேரப்பிள்ளை பாய்ந்து அதைத் தூக்கப் போனான். எங்கள் வீட்டுக்காரர் "தொடாதே கண்ணா" என்று தடுத்துவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அதையே பார்த்தார். இரண்டு பக்கமிருந்தும் சுருட்டி வந்து நடுவில் சந்திக்க வைத்திருக்கிறான், காலுக்கு ஒரு துண்டு, தலைக்கு ஒரு துண்டு என்று விரலால் காற்றில் போட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு மெல்லப் பிரித்தார், ஒவ்வொரு மடிப்பாக. திரும்ப மடிக்கப் பார்த்தார், வரவில்லை. மறுநாள் காலை அந்தப் பையன் வந்தான். இவருக்கு இந்தி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. இவர் துண்டைக் காட்டினார். அவன் முகமெல்லாம் மலர்ந்து, மண்டியிட்டு உட்கார்ந்து, யானை செய்து காட்டினான். இவர் என் பட்டுப்புடவையை எடுத்து விசிறி மடிப்பு எப்படி எடுப்பது, சரிகை கசங்காமல் முந்தியை எப்படி உள்ளே வைப்பது என்று செய்து காட்டினார். இரண்டு தொழிலாளிகள் ஒரு வார்த்தை பேசாமல் கால்மணி நேரம்! அன்றிலிருந்து இவர் எழுந்ததும் போர்வையைத் தானே மடித்து வைத்துவிட்டுத்தான் வெளியே வருவார். "அவனுக்கு இதுமாதிரி எத்தினி ரூமோ" என்றார். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்து கடலிலேயே வேலை செய்கிற பிள்ளைகள் அவர்கள். சட்டையில் பெயர் குத்தியிருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு ஒரு நன்றி சொல்லிப் பாருங்கள், அந்த முகம் எப்படி மாறுகிறது என்று! கடைசி நாள் கையில் ஏதாவது கொடுப்பதாக இருந்தாலும், சேவைக் கட்டணம் ஏற்கெனவே கணக்கில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு, முகம் பார்த்துக் கொடுங்கள்.

சாப்பாடு... சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் விடியும். இட்லி, பொங்கலில் ஆரம்பித்து வடநாட்டுப் பலகாரம், வெங்காயம் பூண்டு சேராத ஜைன சமையல், நான் பெயர் கேட்டிராத மேல்நாட்டு இனிப்புவரை, கண்ணுக்கு எட்டிய தூரம் தட்டுத் தட்டாக! நம் ஊரில் பந்திக்கு முந்து என்பார்கள். கப்பலில் முந்தவே வேண்டாம், தீரவே தீராது. என் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: கொஞ்சமாக எடுங்கள், ருசித்துவிட்டு மறுபடி போங்கள். முதல் நாள் மலையாகக் குவித்து அப்படியே வைத்துவிட்டுப் போன தட்டுகளைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எடுக்கும் கரண்டியை அந்தந்தப் பாத்திரத்திலேயே திரும்ப வையுங்கள், சைவச் சாப்பாட்டுக்காரர்கள் அதை நம்பித்தான் எடுக்கிறார்கள். வாசலில் கை கழுவச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். மூடிய கப்பலில் ஒருவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால் வேகமாகப் பலருக்கும் பரவிவிடும். உலகம் முழுக்க உல்லாசக் கப்பல்கள் அஞ்சுகிற நோரோவைரஸ் இப்படித்தான் பரவுகிறது. பக்கத்து மேசையில் ஒரு நெல்லூர்க் குடும்பம். இரண்டாம் நாளே அவர்கள் கோங்குரா பற்றியும் நாங்கள் காஞ்சிபுரம் இட்லி பற்றியும், மந்தாரை இலைத் தொன்னையில் சுக்கும் மிளகும் மணக்க அது எப்படி வேகிறது என்பது பற்றியும் பேசிப் பேசி, கடைசியில் மேசையையே ஒன்றாகச் சேர்த்துப் போட்டுக்கொண்டோம்.

ஒரு சின்ன வருத்தம் உண்டு, மறைக்க மாட்டேன். நீச்சல்குளத்தைச் சுற்றிச் சாய்வு நாற்காலிகள் போட்டிருப்பார்கள். ஒரு கூட்டம் விடியற்காலையிலேயே எட்டு நாற்காலியில் துண்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டது. ஒரு மணி நேரமாக ஒரு பெரியவர் கைத்தடியோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம்பிடிக்கிற பழக்கம் கடல்வரைக்கும் வர வேண்டுமா? என் பெண் தன் இடத்தை அவருக்குக் கொடுத்தாள். எழுந்து போனால் துண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள், திரும்பி வரும்போது வேறு இடம் கிடைக்கும். பாட்டை ஒலிபெருக்கியில் அலறவிடாதீர்கள். கடலுக்கே ஒரு சத்தம் இருக்கிறது, கப்பல் நீரைக் கிழித்துப் போகும்போது புத்தம்புதுப் பட்டு உரசுகிற மாதிரி ஒரு சரசரப்பு. அதைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம்! ஒரு தாளைக்கூடக் கடலில் எறியாதீர்கள். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கைக் கடலில் போடக் கூடாது என்று மார்போல் உடன்படிக்கையே இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்கு உயிர்.

நெசவுக்காரர்களுக்கு நாலரைக்கே விழிப்பு வந்துவிடும். இரண்டாம் நாள் இருவரும் மேல்தளத்துக்குப் போனோம். ஈரமான பலகை, உப்புக் காற்று, யாரும் இல்லை. மீனவர்கள் அணியம் என்று சொல்வார்களே, கப்பலின் முன்முனை, அதைப் பார்த்தபடி நின்றோம். முதலில் எல்லாம் கருப்பு. பிறகு கிழக்கே ஒரு சாம்பல் கோடு. அந்தக் கோட்டிலிருந்து நிறம் இறங்கி வருகிறது. எங்கள் வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பாரு, பாவு நீலம். ஊடை பச்சை. அலை சாயுறப்போ பச்சை தெரியுது, நிமிர்றப்போ நீலம்." மயில்கழுத்து நிறம் என்று நாங்கள் நெய்வோமே, பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம் ஓட்டி, அசைத்தால் மாறுகிற நிறம், கடல் முழுக்க அதுதான்! கொஞ்ச நேரத்தில் அது எம்.எஸ். நீலம் ஆயிற்று. சங்கீத மகாராணி எம்.எஸ். சுப்புலட்சுமி பெயரால் காஞ்சிபுரத்தில் நாங்கள் சொல்லும் நீலம். சூரியன் எழுந்ததும் விளிம்பில் சரிகை. கோர்வை போட்ட மாதிரி உடலும் கரையும் தனித்தனியாக, சந்தில் பிசிறே இல்லாமல்! ஒரு முழத்துக்கு அப்பால் பார்த்தறியாத கண், அன்று உலகத்தின் விளிம்பைப் பார்த்தது. அவர் ஒரு மணி நேரம் நகரவில்லை. நான் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெற்கே போகப்போகக் கச்சான் காற்று வலுத்தது. ராமர் பாலம் பக்கம் இந்த மாதிரிக் கப்பலுக்கு ஆழம் போதாது, அதனால் இலங்கையின் கிழக்குக்கரையோடு சுற்றித்தான் அம்பாந்தோட்டைக்குப் போக வேண்டும். அங்கே நெருங்க நெருங்க ஆட்டம். சம்பந்தியம்மாவுக்குக் குமட்டல். பயப்பட ஒன்றுமில்லை. கப்பலின் நடுப்பகுதிக்கு, கீழ்த்தளத்துக்கு வந்துவிடுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. இஞ்சி மரப்பாவை வாயில் அடக்கிக்கொண்டு, தூரத்து அடிவானத்தையே பாருங்கள். அந்த நெல்லூர் அம்மா எலுமிச்சம்பழத்தை நறுக்கிக்கொண்டு ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக் கொடுத்தார். நேற்றுவரை யாரென்றே தெரியாதவர்!

ஒரு ராத்திரி எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு விருந்துக்கு வரும் நாள். எந்த நிறம், எப்படி உடுத்துவது என்று அறைக்கே சீட்டு வந்துவிடும். அதை மதித்து உடுத்துங்கள், கூடமே கல்யாண வீடாகிவிடும். நான் அரக்கில் மாம்பழக் கரை. எங்கள் வீட்டுக்காரர் வேட்டி சட்டை, கம்பீரமாக! மாடி மாடியாகத் திறந்த அந்த நடுக்கூடத்தில் படியிறங்கி வரும்போது எதிரே ஒரு வயதான அம்மா பழைய பட்டில் வந்தார். இவர் நின்றுவிட்டார். கண் முந்தியிலேயே இருக்கிறது. சட்டென்று கை நீட்டவில்லை. இரண்டு கையும் கட்டி, "அம்மா, தப்பா நெனைக்காதீங்க, நான் நெசவுக்காரன். முந்தியைத் தொட்டுப் பாக்கலாங்களா?" என்று கேட்டார். அந்தம்மா முந்தியை எடுத்துக் கையிலேயே கொடுத்தார். உடலும் முந்தியும் சேரும் பேட்னி இடத்தை இவர் கட்டைவிரலால் தடவினார். "இந்தக் கரை மூணு நாடா ஓட்டி, பக்கத்துல ஒரு பையன் உக்காந்து எடுத்துக் குடுத்து நெய்தது. இப்ப இப்படிச் செய்யிறவங்க கொறைஞ்சிட்டாங்கம்மா." அது அந்தம்மாவின் மாமியார் புடவையாம். அவர் கண் கலங்கி, "இத்தனை வருஷம் கட்டியிருக்கேன், இன்னைக்குத்தான் இதைப் பத்தித் தெரிஞ்சுது" என்றார். கேட்டுவிட்டுத் தொட்டதற்கு எத்தனை பெரிய பலன் பாருங்கள்!

அடுத்துக் கப்பல் நின்ற திருகோணமலையைப் பற்றி என்ன எழுத? திருஞானசம்பந்தர் பாடிய தலம். போர்த்துகீசியர் 1620-களில் இடித்துக் கடலில் தள்ளிய கோயில். சாமிகள் சிலவற்றை மண்ணில் புதைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் நம் மக்கள். கோட்டைக்குள் மான்கள் பயமில்லாமல் மேய்கின்றன. மேலே ஏறினால் செங்குத்துப் பாறையின் உச்சியில் கோணேஸ்வரரும் மாதுமை அம்மையும். கீழே இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவு, அதற்கும் கீழே அந்த நீலம். ஆடியில் இந்தப் பக்கத்துக் கடல் ஏரிபோல் அடங்கிக் கிடக்கிறது. ஒரு எச்சரிக்கை மட்டும்: கரையிறங்கினால் எத்தனை மணிக்குத் திரும்பணும் என்று கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்துவிடுங்கள். கப்பல் காத்திருக்காது. காத்திருந்தால் ஆயிரம் பேர் நமக்காகக் காத்திருக்க வேண்டும்.

கடைசியாக யாழ்ப்பாணப் பக்கத்துக் காங்கேசன்துறையில் இறங்கிக் கீரிமலைக்குப் போனோம். கடலுக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர்க் கேணி, எதிரே நகுலேஸ்வரம். அங்கே கோயிலுக்குள் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டோம். ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "எங்கயிருந்து வாறியள்?" என்றார்.

"காஞ்சிபுரம் பக்கங்க."

"காஞ்சிபுரமோ! கூறை எடுக்கிற ஊரல்லோ! இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுத்தான் போகவேணும்."

கல்யாணப் புடவையை அவர்கள் கூறை என்கிறார்கள். அவருடைய கூறை காஞ்சிபுரத்துப் பட்டு. 1990-இல் இந்தப் பக்கத்து ஜனங்களெல்லாம் சண்டையில் இடம்பெயர்ந்து போனபோது அவர் கையில் எடுத்துப்போனதில் அதுவும் ஒன்றாம். "வீடு போட்டுது, கிணறு தூர்ந்து போச்சுது, கூறை கிடக்கு" என்றார். உள்ளே போய் எடுத்துவந்து பிரித்தார். மடிப்புத் தழும்பில் லேசாக இற்றிருந்தது. எங்கள் வீட்டுக்காரர் அந்த மடிப்பை மாற்றி வேறு இடத்தில் மடித்துக் கொடுத்து, "ஆறு மாசத்துக்கு ஒருக்கா இப்படி மாத்தி மடிங்கம்மா, பட்டு தாங்கும்" என்றார். இளந்திரையனின் தாய் பிறந்த நாகநாடு இந்த யாழ்ப்பாணப் பக்கம்தான் என்று சொல்பவர்கள் உண்டு. கப்பலுக்குத் திரும்பும்போது அதை மாப்பிள்ளை சொன்னார். அங்கிருந்து அலை கொண்டுவந்தவன் பெயரில் எங்கள் ஏரி. அந்த அலையிலேயே நாங்கள் எதிர்ப்பக்கமாகப் போய் ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தோம். இதற்கு மேல் ஒரு பயணத்தில் என்ன வேண்டும்?

போன் விஷயம் மறந்துவிட்டேனே. கடலில் போனதும் விமானப் பயண நிலைக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் கப்பலின் செயற்கைக்கோள் தொடர்பைப் பிடித்துக்கொண்டு பில் எகிறிவிடும். போன் இல்லாத அந்த ஐந்து நாளில் என் மாப்பிள்ளை அவர் பிள்ளைக்குச் சொன்ன கதைகள் ஐந்து வருஷத்துக்குக் காணும்.

ஊருக்கு வந்து ஒரு வாரம் ஆனதும் எங்கள் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்துக்குச் சாயப்பட்டறைக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். அடுத்த பாவுக்கு, மூன்று புடவைக்கு நூல் சாயம் தோய்க்க வேண்டும். சாயக்காரர் பல வருஷப் பழக்கம். "என்ன நீலம்ணே? எம்.எஸ். நீலமா, ராமர் நீலமா, மயில்கழுத்தா?" என்று கேட்டார்.

இவர் பையிலிருந்து போனை எடுத்து, பேரப்பிள்ளை சொல்லிக் கொடுத்தபடி விரலால் தள்ளித் தள்ளி, ஒரு படத்தை அவர் முன்னால் நீட்டினார்.

"திருகோணமலைக்குக் கிழக்கால, காலைல ஆறு மணிக்கு இருக்கிற நீலம். வருமா?"

சாயக்காரர் போனை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தார். "ரெண்டு முக்கு முக்கணும்" என்றார்.